மௌனம் சம்மதமா?

வங்கியிலிருந்து பாஸ் புத்தகம் வரவே இல்லை. அப்படியென்றால் ரொக்க ஏட்டில் காட்டியிருக்கும் இருப்பு சரிதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? பி.காம். முதலாண்டு மாணவனிடம் கேட்டால்கூடச் சிரிப்பான். "அது எப்படிங்க? வந்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?" என்பான்.

ஆனால் லட்சக்கணக்கான நிரலாளர்கள் தங்கள் வேலையை நம்பி ஒப்படைத்திருந்த ஒரு பெரிய இணைய நிறுவனம், 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு வரை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தது. செய்தி வரவில்லை, ஆகவே எல்லாம் நலம்! மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று கல்யாண வீட்டில் சொல்வார்கள். சர்வர் அறையில் அந்தப் பழமொழி செல்லுபடி ஆகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நிறுவனம் கிட்லேப். நிரலாளர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்கவும், கூட்டாக வேலை செய்யவும் உதவும் தளம் அது. 2011-ல் ஒரு திறமூலத் திட்டமாகத் தொடங்கியது. நடந்ததை மூடி மறைக்காமல் நிறுவனமே எழுதி வெளியிட்டதால்தான் இன்று யார் வேண்டுமானாலும் படித்துப் பாடம் கற்க முடிகிறது. இந்தக் கதையில் வில்லன் இல்லை. களைத்துப்போன ஒரு மனிதரும், யாரும் பார்க்காத சில எண்களும்தான் இருக்கிறார்கள்.

குறிப்பேடும் பேரேடும்

கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். கணினிப் படிப்பு படிக்காதவர்களுக்கும் இது புரியும். சொல்லப்போனால் வணிகவியல் மாணவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே புரியும்.

ஒரு கடையில் நடவடிக்கை நடந்ததும் முதலில் எங்கே எழுதுகிறோம்? குறிப்பேட்டில். தேதி வாரியாக, நடந்த வரிசையில், ஒன்றன் கீழ் ஒன்றாக. பிறகு அங்கிருந்து பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்கு எடுத்து எழுதுகிறோம். லூக்கா பாசியோலி 1494-ல் வெனிஸ் நகரத்தில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கிய முறை இதுதான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறவில்லை.

தரவுத்தள மென்பொருள்களும் அதையே செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் யாராவது ஒரு மாற்றம் செய்தால், அது முதலில் ஒரு பதிவுக் கோப்பில் வரிசையாக எழுதப்படும். இது குறிப்பேடு. அது வட்டில் பத்திரமாக ஏறிய பிறகுதான் "பதிவாகிவிட்டது" என்று பயனருக்குப் பதில் போகும். உண்மையான அட்டவணைகள் இருக்கும் கோப்புகளில் சாவகாசமாகப் பின்னால் ஏற்றிக்கொள்ளும். இது பேரேடு. நடுவில் மின்சாரம் போனாலும் கவலையில்லை. குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம்.

இனி நகலுக்கு வருவோம். முதன்மை சர்வர் ஒன்று இருக்கிறது. அது பழுதானால் உடனே அந்த இடத்தில் உட்கார இன்னொரு சர்வர் வேண்டும். இரண்டிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். என்ன செய்யலாம்? முதன்மை சர்வர் தன் குறிப்பேட்டின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுத்த சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வாங்கி, தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டே வரும். இதைத்தான் ரெப்ளிகேஷன் என்கிறார்கள்.

அனுப்பிய பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்து, பதில் வந்த பிறகே பயனருக்கு "ஆயிற்று" என்று சொல்வது ஒரு முறை. இதில் நஷ்டம் இல்லை, ஆனால் தாமதம் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே 40 மில்லி நொடி ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் அப்படிக் காத்திருக்க முடியுமா? அதனால் பலரும் இரண்டாவது முறையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முதன்மை காத்திருக்காது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டே போகும். நகல் பின்னாலேயே ஓடி வரும்.

எவ்வளவு பின்னால்? இந்த ஒரு கேள்விதான் கண்காணிப்பின் மொத்த சாரம்.

அந்த இரவு

ஜனவரி 31 மாலை, உலகப் பொது நேரம் 7 மணி வாக்கில், கிட்லேப் தரவுத்தளத்தில் சுமை ஏறத் தொடங்கியது. வேண்டாத குப்பைப் பதிவுகளைப் போடும் ஸ்பாம் ஆசாமிகளின் வேலை என்று சந்தேகித்தார்கள். பிறகு பார்த்தால் இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. யாரோ ஒரு விஷமி, நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய கணக்கையே "இது தவறான கணக்கு" என்று புகார் செய்திருந்தார். அந்தக் கணக்கையும் அதோடு சேர்ந்த எல்லாத் தரவுகளையும் நீக்கும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டில் பக்கங்கள் மளமளவென்று நிரம்பின. நகல் சர்வரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இரவில் எச்சரிக்கை மணி அடித்தது. நகல் சுமார் 4 ஜி.பி. பின்தங்கி, அப்படியே நின்றுவிட்டிருந்தது.

ஏன் நின்றது? முதன்மை சர்வர் தன் பழைய குறிப்பேட்டுப் பக்கங்களைக் காலகாலத்துக்கும் வைத்திருக்காது. இடம் வேண்டாமா? ஒரு துண்டுக்கு 16 எம்.பி. வீதம், இத்தனை துண்டுகள் என்று ஓர் அளவு வைத்து, அதற்கு முந்தியதைக் கழித்துவிடும். நகல் கேட்ட பக்கம் அப்படிக் கழிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழைய பக்கங்களைத் தனியாக எடுத்துவைக்கும் ஏற்பாடும் அங்கே இல்லை. நடுவில் ஒரு பக்கம் கிழிந்த குறிப்பேட்டை வைத்துப் பேரேடு எழுத முடியாது. இனி ஒரே வழி, நகலை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து பிரதி எடுப்பது.

அந்த வேலையில் இறங்கினார் ஒரு பொறியாளர். அவருக்கு அன்றைக்கு நீண்ட நாள். நேரமாகிவிட்டது, கிளம்பப் போகிறேன் என்று சக ஊழியர்களிடம் சொல்லியும் இருந்தார். இந்தக் கோளாறு திடீரென்று முளைத்ததால் தங்கிவிட்டார்.

நகலின் பழைய தரவை அழித்தார். பிரதி எடுக்கும் கட்டளையைக் கொடுத்தார். இணைப்புகளின் வரம்பு போதவில்லை என்று மென்பொருள் மறுத்தது. வரம்பை உயர்த்தினார். இப்போது தரவுத்தளம் மறுபடி தொடங்க மறுத்தது. இன்னோர் அமைப்பு 8,000 என்று அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருந்தது. அதை 2,000 ஆகக் குறைத்தார். தொடங்கியது. மறுபடியும் பிரதி எடுக்கும் கட்டளை.

இந்த முறை பிழை எதுவும் வரவில்லை. ஆனால் எதுவுமே வரவில்லை! திரையில் ஒரு வரி கிடையாது. கட்டளை அப்படியே நின்றது. ஓடுகிறதா, செத்துவிட்டதா என்றே தெரியவில்லை.

முந்தைய முயற்சிகளில் உருவான ஏதாவது கோப்பு நகலின் அடைவில் இருந்து தொல்லை கொடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. அந்த அடைவை அழித்துவிட்டு மறுபடி முயலலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடிகளில் உறைத்தது. அவர் நின்றுகொண்டிருந்தது நகல் சர்வரில் அல்ல, முதன்மை சர்வரில்!

உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி. இருந்த இடத்தில் 4.5 ஜி.பி. மட்டும் மிஞ்சியிருந்தது.

இந்தியாவில் அப்போது பிப்ரவரி 1, விடிகாலை ஐந்து மணி இருக்கும்.

ஐந்து கயிறுகள்

நகலையும் அழித்தாயிற்று, முதலையும் அழித்தாயிற்று. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே! அங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது.

தினமும் தரவுத்தளத்தை முழுதாக எடுத்து அமேசானின் சேமிப்புக் கிடங்கில் போடும் ஏற்பாடு இருந்தது. போய்த் திறந்தார்கள். காலி! காரணம் அற்பமானது. அந்தப் பேக்கப் வேலை ஓடியது தரவுத்தளம் இல்லாத வேறொரு சர்வரில். அங்கே தரவு எதுவும் இல்லாததால், மென்பொருள் தானாகப் பழைய 9.2 பதிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. தரவுத்தளமோ 9.6 பதிப்பு. பதிப்பு ஒத்துப்போகாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது.

தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டுமே? அனுப்பத்தான் செய்தது. ஆனால் அந்த மின்னஞ்சல்களில் முறையான கையொப்பம் இல்லாததால், பெறும் சர்வர் போலி அஞ்சல் என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிட்டது. புகார்க் கடிதம் எழுதியவன் எழுதிக்கொண்டே இருந்தான். வாசல் காவலாளி உள்ளே விடவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் "புகாரே இல்லை, நிர்வாகம் நன்றாக நடக்கிறது" என்று இருந்தார்கள்.

அடுத்து, வட்டுகளை அப்படியே படம்பிடித்துவைக்கும் வசதி. கோப்பு சர்வர்களுக்கு அது போடப்பட்டிருந்தது. தரவுத்தள சர்வர்களுக்குப் போடவில்லை. மற்ற ஏற்பாடுகள் போதும் என்று நினைத்துவிட்டார்கள். நகல் சர்வர்? அதைத்தான் அழித்தாயிற்றே. ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பகமாக வேலை செய்யவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியில் காப்பாற்றியது தற்செயல். அன்று மாலை 5.20-க்கு, வேறொரு சோதனைக்காக, தரவுத்தளத்தின் பிடிப்பு ஒன்று கையால் எடுக்கப்பட்டுச் சோதனைச் சர்வரில் ஏற்றப்பட்டிருந்தது. திட்டமிட்ட பேக்கப் அல்ல. ஏதோ ஒரு வேலைக்காக எடுத்தது. அது மட்டும் இல்லாவிட்டால் இழப்பு 6 மணி நேரத்தோடு நின்றிருக்காது. அடுத்து இருந்தது ஏறக்குறைய ஒரு நாள் பழையது.

சோதனைச் சர்வரின் வட்டு மெதுவானது. பிரதி எடுத்துக்கொண்டு வரவே சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க, தங்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 1 மாலை 6 மணிக்குத் தளம் திரும்பியது. நிரல்கள் தனியாக வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. ஆனால் அந்த இடைவெளியில் உருவான சுமார் 5,000 திட்டங்களின் விவரங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

இனி மேலே சொன்ன அந்த அமைதியான கட்டளைக்கு வரலாம். பிறகு ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, அது தொங்கவே இல்லை! முதன்மை சர்வர் ஒரு சோதனைப் புள்ளியை எட்டும்வரை அந்தக் கட்டளை பேசாமல் காத்திருக்கும். அதன் சுபாவமே அதுதான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தானாகவே பிரதி எடுக்கத் தொடங்கியிருக்கும்.

ஆக, ஒரே இரவில் இரண்டு மௌனங்கள். பேக்கப்பின் மௌனத்தை "நலம்" என்று படித்தார்கள், அது தோல்வி. கட்டளையின் மௌனத்தைத் "தோல்வி" என்று படித்தார்கள், அது நலம். மௌனத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. பார்ப்பவர் மனதில் இருப்பதை அதன்மேல் எழுதிக்கொள்கிறார்.

நான்கு இடங்கள்

எண்களைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த எண்களை? போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே ஒரு புள்ளிவிவரப் பார்வை உண்டு. குறிப்பேட்டில் நகல் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது என்பதை அது நான்கு இடங்களாகப் பிரித்துச் சொல்லும்.

முதலாவது, முதன்மை எதுவரை அனுப்பியிருக்கிறது. இரண்டாவது, நகல் எதுவரை வாங்கி எழுதியிருக்கிறது. மூன்றாவது, எதுவரை வட்டில் பத்திரமாக ஏறியிருக்கிறது. நான்காவது, எதுவரை பேரேட்டில் ஏற்றி முடித்திருக்கிறது.

ஏன் நான்கு? வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டவர்களுக்கு இது தெரியும். ரொக்க ஏட்டுக்கும் வங்கி ஏட்டுக்கும் வித்தியாசம் 10,000 ரூபாய் என்று சொன்னால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லையா, போட்ட காசோலை இன்னும் வசூலாகவில்லையா, வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டதா என்று பிரித்தால்தான் விஷயம் புரியும். வித்தியாசம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே கேள்வி.

இங்கேயும் அப்படித்தான். அனுப்பியதற்கும் வாங்கியதற்கும் இடையில் பள்ளம் என்றால் வலைப்பின்னலில் சந்தேகம். வாங்கியதற்கும் வட்டில் ஏறியதற்கும் இடையில் என்றால் நகலின் வட்டு மெதுவாக இருக்கிறது. வட்டில் ஏறியும் பேரேட்டில் ஏறவில்லை என்றால், ஏற்றும் வேலை திணறுகிறது. முதன்மையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். போஸ்ட்கிரெஸ் நகலிலோ அவ்வளவையும் ஏற்றுவது ஒரே ஒரு செயல்முறை. நூறு காசாளர்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை! நகலில் யாராவது நீண்ட அறிக்கை ஒன்றை ஓடவிட்டிருந்தாலும், அது முடியட்டும் என்று ஏற்றும் வேலை காத்து நிற்பதுண்டு.

இந்த இடைவெளிகளை நேரக் கணக்கிலும் காட்டும் வசதி 2017 அக்டோபரில் வந்த 10-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

பூஜ்யம் சொல்லும் பொய்

எண் இருந்தால் போதுமா? எண்ணே ஏமாற்றினால்?

மை எஸ்.க்யூ.எல். என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பல ஆண்டுகளாக எல்லோரும் நம்பிய ஒரு எண் உண்டு. "நகல் முதன்மைக்கு எத்தனை நொடி பின்னால் இருக்கிறது" என்பது அதன் பெயர். பெயரைப் பார்த்தால் வேறு எதுவுமே வேண்டாம்போல இருக்கும். ஆனால் அது கணக்கிடும் முறையில் ஒரு நுணுக்கம். நகலுக்குள் இரண்டு வேலையாட்கள் உண்டு. ஒருவர் முதன்மையிடமிருந்து பக்கங்களை வாங்கி வைப்பவர். மற்றவர் அதைப் பேரேட்டில் ஏற்றுபவர். அந்த எண் அளப்பது இரண்டாமவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பதை மட்டுமே.

வலைப்பின்னல் மந்தமாகி, முதலாமவருக்கே பக்கங்கள் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவர் கையில் இருப்பதையெல்லாம் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்போது அந்த எண் பூஜ்யம் காட்டும்! முதன்மையில் ஆயிரக்கணக்கான பதிவுகள் காத்துக்கிடக்கும். மேசையில் கோப்பு இல்லை, ஆகவே வேலை பாக்கி இல்லை என்று சொல்லும் குமாஸ்தாவைப்போல.

நகலாக்கமே நின்றுபோனால் அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் வெற்று மதிப்பு வரும். பூஜ்யம் வேறு, வெற்று வேறு. "பாக்கி ஏதும் இல்லை" என்பதும் "பாக்கி எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை" என்பதும் ஒன்றா? இரண்டையும் ஒரே நிறத்தில் காட்டும் கண்காணிப்புத் திரையைவிடத் திரையே இல்லாமல் இருப்பது மேல்.

இதற்கு ஒரு எளிய மருந்து கண்டுபிடித்தார்கள். முதன்மை சர்வரில் ஒரு சின்ன அட்டவணை. அதில் நொடிக்கு ஒரு முறை அப்போதைய நேரத்தை எழுதுவது. அந்த வரியும் மற்றப் பதிவுகளோடு சேர்ந்து நகலுக்குப் போகும். நகலில் போய் அந்த நேரத்தைப் படித்து, கடிகாரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பின்னால் என்பது தெரிந்துவிடும். இதை இதயத் துடிப்பு என்கிறார்கள். பெர்கோனா கருவித்தொகுப்பில் இந்த வேலைக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. இதில் உள்ள அழகு என்ன தெரியுமா? எங்கே அறுந்தாலும் துடிப்பு நின்றுவிடும், வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். மௌனத்துக்கு இங்கே ஒரே அர்த்தம்தான்.

43 நொடிகள்

கிட்லேப் கதை நடந்து ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து, 2018 அக்டோபர் 21-ஆம் தேதி, அதே தொழிலில் இருக்கும் கிட்ஹப் நிறுவனத்துக்கு வேறு விதமான சோதனை வந்தது.

பழுதான ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. அதில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த முதன்மைத் தரவு மையம், வலைப்பின்னலிலிருந்து 43 நொடி துண்டிக்கப்பட்டது. வெறும் 43 நொடி! அந்த இடைவெளியில், முதன்மை செத்துவிட்டது என்று முடிவுகட்டிய தானியங்கி மென்பொருள், மேற்குக் கரையில் இருந்த நகல்களுக்கு முதன்மைப் பட்டம் கட்டிவிட்டது. துண்டிக்கப்பட்ட நேரத்தில் கிழக்கில் எழுதப்பட்டு, மேற்குக்குப் போய்ச் சேராத சில பதிவுகள் இருந்தன. மேற்கிலோ புதிய பதிவுகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கடைக்கு இரண்டு குறிப்பேடுகள், இரண்டிலும் வேறு வேறு பதிவுகள்.

அப்படிச் சிக்கிக்கொண்ட பதிவுகள், மிகச் சுறுசுறுப்பான தரவுத்தளம் ஒன்றில் 954. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்தப் பதிவுகளைத் தூக்கி எறிவதில்லை, நேரமானாலும் தரவைக் காப்பதே முதல் வேலை என்று முடிவெடுத்தார்கள். பேக்கப்பிலிருந்து மீட்டு, நகல்களை ஓடவிட்டு, எல்லாம் சமநிலைக்கு வர 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

அந்த மீட்பின் நடுவே பயனர்களுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். நகல்கள் இந்த வேகத்தில் நெருங்கி வருகின்றன, ஆகவே இத்தனை மணிக்குச் சரியாகும் என்று. அது பலிக்கவில்லை. ஏன்?

தொட்டிக் கணக்கு

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் படுத்தி எடுத்த தொட்டிக் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் வெளியேற்றும், தொட்டி எப்போது காலியாகும்? அதேதான்.

ஓர் உதாரணம். நகல் 12,000 எம்.பி. பின்தங்கியிருக்கிறது. அது நொடிக்கு 25 எம்.பி. ஏற்றும். முதன்மையில் நொடிக்கு 20 எம்.பி. புதிதாக எழுதப்படுகிறது. நிகரமாகக் குறைவது 5 எம்.பி. 12,000-ஐ 5-ஆல் வகுத்தால் 2,400 நொடி. அதாவது 40 நிமிடத்தில் நகல் முதன்மையைப் பிடித்துவிடும். நல்லது.

இப்போது காலை ஆகிறது. ஜனங்கள் அலுவலகம் வந்து வேலையைத் தொடங்குகிறார்கள். எழுதும் வேகம் 20-லிருந்து 24 ஆகிறது. கூடியது நாலே எம்.பி.தான். ஆனால் நிகரம் 5-லிருந்து 1 ஆகிவிட்டது. 12,000 நொடி. 40 நிமிட வேலை 3 மணி 20 நிமிடமாகிவிட்டது! எழுதும் வேகம் 26 ஆனால் பிடிக்கவே பிடிக்காது, தூரம் கூடிக்கொண்டே போகும்.

கிட்ஹப்பில் நடந்தது இதுதான். ஐரோப்பாவும் பிறகு அமெரிக்காவும் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கின. எழுதும் சுமை ஏறியது. நேர்கோட்டில் குறையும் என்று போட்ட கணக்கு பொய்த்தது. கடைசிக் கொஞ்ச தூரம்தான் அதிக நேரம் எடுத்தது. படிக்கும் சுமையைப் பிரித்துக்கொடுக்கக் கூடுதல் நகல்களை ஏற்படுத்திய பிறகுதான் நிலைமை தேறியது.

ஆகவே, "எவ்வளவு பின்னால்" என்ற எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது குறைகிறதா, ஏறுகிறதா, எந்த வேகத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் நிலையைச் சொல்லும். வியாபாரம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய இரண்டு ஆண்டுக் கணக்கையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தானே?

அந்தப் பொறியாளர்

எண்களைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. அந்த மனிதர் என்ன ஆனார்?

அவரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அனுப்பவில்லை. அன்றிரவு நடந்ததை நிமிடவாரியாக, அவருடைய சலிப்பும் களைப்பும் உட்பட, பொதுவில் எழுதிவைத்தார்கள். இனி இன்றைக்கு முழு அதிகாரத்தோடு எந்தக் கட்டளையும் தான் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று அவர் சொன்னதுகூட அந்தக் குறிப்பில் இருக்கிறது. 300 ஜி.பி. தன் கையால் போன சில நிமிடங்களில் ஒரு மனிதர் அப்படிச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

பிறகு நிறுவனம் கேட்டுக்கொண்ட கேள்வி "யார் அழித்தார்?" என்பது அல்ல. "ஒருவர் தவறாக ஒரு வரி தட்டினால் ஏன் எல்லாம் போகிறது? பேக்கப் காலியாக இருப்பது ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை?" என்பதுதான். எந்த சர்வரில் நிற்கிறோம் என்பது கண்ணில் படும்படி கட்டளைத் திரையை மாற்றினார்கள். குறிப்பேட்டுப் பக்கங்களைத் தனியே சேமிக்க ஏற்பாடு செய்தார்கள். பேக்கப் நடந்ததா, எவ்வளவு பெரியது, எப்போது நடந்தது என்பதைக் கண்காணிப்புத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். தரவின் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் அவற்றை விசாரிப்பது யாருடைய வேலையாகவும் இல்லாமல் இருந்ததே, அதுதான் பெரிய ஓட்டை.

தணிக்கைப் பாடத்தில் இதற்கு ஒரு பழைய விதி உண்டு. சரக்கு இருப்பதாக ஏட்டில் எழுதியிருந்தால் நம்பாதே, கிடங்குக்குப் போய் எண்ணிப் பார். கிட்லேப்பில் கிடங்குக்கு யாரும் போகவில்லை. போனது, தீப்பிடித்த அன்றைக்கு.

இதைப் படிப்பவர்களில் பலரிடம் சர்வர் இருக்காது. ஆனால் பிராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும். அப்பாவின் கடைக் கணக்கு இருக்கும். அக்கா கல்யாண போட்டோக்கள் ஏதோ ஒரு பென் டிரைவில் இருக்கும். "ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன்" என்ற தைரியம் இருக்கும்.

அந்தக் காப்பியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? அதில் கடைசியாக இருப்பது எந்தத் தேதிக் கோப்பு?

இன்றைக்கு ஒரு முறை செருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால், இன்றைக்கே தெரிந்தது இன்னும் பெரிய சந்தோஷம்.